ஏழாம் மாதத்துப் பசி

மலேசியாவில் தாய்ப்பாலுக்காகப் பேசியவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. 2006-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 14.5 விழுக்காடு. 2016 ஆய்வில் அது 47.1 விழுக்காடாக உயர்ந்தது. பத்தே ஆண்டில் மூன்று மடங்கு என்றால் எந்த நாட்டுச் சுகாதார அமைச்சும் தாராளமாகப் பெருமைப்படலாம். ஆனால் அதே ஆய்வு வரிசையில் இன்னொரு கணக்கு நகராமல் நிற்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் 2016-இல் 20.7 விழுக்காடு, 2019-இல் 21.8, 2022-இல் 21.2. அதாவது ஐந்தில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றிய பிள்ளை. போதாக்குறைக்கு, 2022 ஆய்வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை. பாசிர் கூடாங் துறைமுகமும் செனாய் தொழிற்பேட்டைகளும் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் சம்பளமும் உள்ள ஜொகூரில் வாழ்பவர்கள் இந்த எண்களை எங்கோ உள்ள ஏழை நாட்டின் செய்தியாக ஒதுக்கிவிட முடியாது. தாய்ப்பால் கூடியும் பிள்ளைகள் ஏன் வளரவில்லை? தாய்ப்பாலுக்காக உரக்கப் பேசிய நாம் ஆறாம் மாதத்தோடு பேச்சை முடித்துக்கொண்டோம் என்பதே என் பதில். ஏழாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரை பிள்ளைக்குத் தட்டில் என்ன விழுகிறது, பால் கொடுக்கும் தாய் என்ன சாப்பிடுகிறாள் என்ற இரண்டு கேள்விகளையும் அந்தந்த வீட்டின் பாடு என்று விட்டுவிட்டோம்.

தாய்ப்பாலுக்கான இந்தப் போராட்டத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்று ஜொகூர் பாருவிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எழுதப்பட்டது. ஜமைக்காவில் பிறந்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாதிபோல் உடையணிந்த பெண்களை வீடு வீடாக அனுப்பி, இனிப்பூட்டிய டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு உகந்த உணவென்று நம்பவைத்து விற்ற நிறுவனங்களை அவர் கொலைக் குற்றத்துக்கு நிகரான குற்றம் செய்பவையாகக் கண்டார். அந்தப் பேச்சு நினைவில் நின்றுவிட்டது. அதே மருத்துவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட்டில் செய்த வேலையை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. குவாஷியோர்க்கர் என்ற கொடிய சத்துக்குறை நோயை மருத்துவ உலகத்துக்கு அடையாளம் காட்டியவர் அவர்தான். அது பிறந்த குழந்தைக்கு வரும் நோயன்று. அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, வெறும் சோளக்கஞ்சியில் விடப்படும் ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு வருவது. ஒரே மருத்துவர், இரண்டு பாடங்கள். முதல் பாடத்தை மலேசியா ஊன்றிப் படித்தது. 1979-இலேயே குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1991-இல் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய உலகத் தாய்ப்பால் கூட்டமைப்புதான் ஒவ்வோர் ஆகஸ்ட் முதல் வாரத்தையும் தாய்ப்பால் வாரமாக உலகுக்குத் தந்தது. 1993-இல் தேசியத் தாய்ப்பால் கொள்கை வந்தது. 1998-இல் அரசு மருத்துவமனைகள் அனைத்தையும் குழந்தைநேய மருத்துவமனைகளாக்கிய உலகின் மூன்றாவது நாடு என்ற பெயரும் கிடைத்தது. இரண்டாம் பாடம் மட்டும் பாடப்புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

ஏழாம் மாதத்தில் என்ன மாறுகிறது என்று கணக்காகப் பார்ப்போம். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை ஏறத்தாழ ஆறு மாதத்துக்குத் தாங்கும் இரும்புச்சத்தைத் தாயிடமிருந்து கையோடு கொண்டுவருகிறது. பிறந்த கையோடு தொப்புள்கொடியை அறுக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் அந்தச் சேமிப்பு இன்னும் கூடும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடலில் ஒட்டும் வகை என்றாலும் அளவு மிகக் குறைவு, ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூட இல்லை. சேமிப்பு கரைந்தபின் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு 9 முதல் 11 மில்லிகிராம். வளர்ந்த ஆண்மகனுக்கு அமெரிக்கர்கள் விதித்திருக்கும் அளவே 8 மில்லிகிராம்தான். எட்டுக் கிலோகூட இல்லாத உடம்புக்கு அப்பனைவிட அதிக இரும்பு தேவைப்படும் காலம் அது. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? நீர்த்த அரிசிக் கஞ்சி, மசித்த கேரட், உருளைக்கிழங்கு, தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட். முதல் மூன்றில் இரும்பு பெயருக்குத்தான் இருக்கிறது. நான்காவது, இருக்கும் இரும்பையும் உடலில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. சக்தியின் கணக்கும் இப்படித்தான். தாய்ப்பாலுக்கு மேல் ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளைக்கு 200 கலோரி, ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300, இரண்டாம் ஆண்டில் 550 கலோரி உணவிலிருந்து வரவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏழு மாதப் பிள்ளை ஒரு வேளைக்கு அரைக் கப், அதாவது 125 மில்லிலிட்டர் சாப்பிடும். கிராமுக்கு 0.3 கலோரி மட்டுமே உள்ள தண்ணீர்க் கஞ்சியை இரண்டு வேளை ஊட்டினால் கிடைப்பது 75 கலோரி. அதே கிண்ணத்தில் கிராமுக்கு 0.8 கலோரி உள்ள கெட்டிக் கஞ்சி இருந்தால் 200 கலோரி. கிண்ணம் ஒன்றுதான், பிள்ளையின் வயிறும் ஒன்றுதான், கூடியது கெட்டி மட்டுமே. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஓடக்கூடாது, மெல்ல இறங்க வேண்டும். குழைந்த சோற்றில் பருப்பு, பொடியாக நறுக்கி வேகவைத்த முருங்கைக்கீரை, தலையும் குடலும் கிள்ளி உப்புப் போக ஊறவைத்து வறுத்துப் பொடித்த நெத்திலி, மேலே ஒரு கரண்டி நெய் அல்லது எண்ணெய். வாரம் இரண்டு நாள் ஒரு மேசைக்கரண்டி மசித்த கோழி ஈரல், மற்ற நாள்களில் முட்டையோ மீனோ. கடைசியில் இரண்டு வாய் பப்பாளியோ கொய்யாவோ கொடுத்தால் கீரையின் இரும்பு உடலில் ஒட்ட உதவும். இதில் பேரங்காடியின் குழந்தை உணவு வரிசையில் தேட வேண்டிய பொருள் ஒன்றுமில்லை.

இரும்புக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உயரமோ எடையோ மட்டுமன்று. மூளை தன் வளர்ந்த எடையில் முக்கால் பங்குக்கு மேல் இரண்டு வயதுக்குள் எட்டிவிடுகிறது. நரம்புகளுக்கு உறையிடவும் நரம்புச் செய்திகளைக் கடத்தும் வேதிப்பொருள்களை உண்டாக்கவும் இரும்பு வேண்டும். அது குறைந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் பெட்சி லோசாஃபும் அவருடைய குழுவும் கோஸ்டா ரிக்கா நாட்டில் பொறுமையாகத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒன்று, ஒன்றரை வயதில் கடும் இரும்புக் குறை இருந்த பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து இரத்தத்தைச் சரிசெய்தார்கள். பிறகு அவர்களைப் பத்தொன்பது வயது வரை சோதித்துவந்தார்கள். இரத்தம் சரியானது, ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் இருந்த இடைவெளி மூடவில்லை. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்த இடைவெளி அப்படியே நின்றது. வசதி குறைந்த குடும்பங்களில் வயது ஏற ஏற அகன்றது. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டத் தடுமாறும்போது ஆசிரியரையும் பாடத்திட்டத்தையும் பெற்றோரின் அக்கறையையும் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது இரத்தத்தில் இரும்பு எவ்வளவு இருந்தது என்று கேட்பாரில்லை. எல்லாத் தடுமாற்றத்துக்கும் இரும்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மற்ற காரணங்களை ஆறு வயதிலும் சரிசெய்யலாம், இதைச் சரிசெய்யும் காலம் அதற்குள் போய்விடுகிறது.

'நம் சனம் இயல்பிலேயே குட்டை, அப்பன் எப்படியோ பிள்ளை அப்படி' என்று சிலர் இதைத் தள்ளிவிடுவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் இதற்காகவே பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து உருவாக்கப்பட்டது. போதிய உணவும் தாய்ப்பாலும் சுகாதாரமும் கிடைத்தபோது புதுடில்லிப் பிள்ளையும் ஓஸ்லோ பிள்ளையும் முதல் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வளர்ந்தார்கள். வறுமைதான் காரணம் என்பவர்கள் உண்மைக்கு இன்னும் அருகில் இருக்கிறார்கள், ஆனால் அதுவும் முழு விடையன்று. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். அதே பிள்ளைக் கூட்டத்தில் 23 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். வயிறு நிரம்புகிறது, உடம்புக்கு வேண்டியது சேரவில்லை. இது காசுக் குறையோடு தேர்வுக் குறையும் சேர்ந்த நிலை.

இனி தாயின் தட்டு. பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவு. சத்துகளைப் பொறுத்தவரை தாயின் உடல் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அவள் என்ன சாப்பிட்டாலும் பாலில் ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கும், குறைந்தால் அவளுடைய இரத்தமும் எலும்பும் ஈடுகட்டும். மலேசியாவில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு இரத்தசோகை என்று 2019 ஆய்வு சொல்கிறது. இப்படி ஈடுகட்டிய உடம்புகளும் அந்தக் கணக்கில் உண்டு. பி1, பி12, ஏ ஆகிய வைட்டமின்களும் அயோடினும் வேறு விதம். தாய் சாப்பிட்டால் பாலில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. இதற்கு நம் சொந்த வரலாற்றிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. நூறு ஆண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, அதே ஊர்களில் வேலை செய்த தமிழர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். மற்றவர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட, இவர்கள் புழுங்கலரிசி சாப்பிட்டதுதான் காரணம் என்பதை டாக்டர் பிராடனின் ஆய்வும், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-இல் வில்லியம் ஃபிளெட்சர் செய்த சோதனையும் சுட்டின. அக்காலத்தில் ஆசியாவெங்கும் பெரிபெரி கண்ட இடங்களில் தாய்ப்பால் மட்டுமே குடித்த கைக்குழந்தைகளும் திடீரென்று இறந்தார்கள், ஏனென்றால் தாயின் பாலில் பி1 இல்லை. இரண்டாவது சாட்சி வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1962-இல் பதிவு செய்த பிள்ளைகள் தாய்ப்பாலில் வளர்ந்தவர்கள், ஒரு வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். முன்பு சிரித்து, தலை நிமிர்த்தி, உட்காரப் பழகிய பிள்ளைகள் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் மறந்து சோர்ந்து கிடந்தார்கள், தோல் கறுத்தது, கைகால் நடுங்கியது. தாயிடம் பி12 இல்லாததால் பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் பிள்ளைகள் தேறினார்கள். பிள்ளைக்கு ஒரு வயதானாலும் அதன் உணவின் ஒரு பகுதி தாயின் தட்டிலிருந்துதான் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

பத்தியம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு நம் பாட்டிமார் வகுத்த சமையலில் நல்லது நிறைய உண்டு. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு, முருங்கைக்கீரை, நல்லெண்ணெய் எல்லாமே சத்துள்ள சாப்பாடு. முதல் மாதம் வேலை வாங்காமல் உட்காரவைத்துப் பரிமாறுவது அதைவிடப் பெரிய மருந்து. கெடுதல் எங்கே வருகிறதென்றால், 'குளிர்ச்சி' என்று பழத்தையும் கீரையையும் 'கிரந்தி' என்று மீனையும் முட்டையையும் ஒரேயடியாக விலக்கும்போதும், தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும்போதும்தான். இன்னொரு கெடுதல் பத்தியம் முடிந்தபின் வருகிறது, அது பேசப்படுவதே இல்லை. நாற்பதாம் நாள் வரை ராணிபோல் பார்த்துக்கொண்ட வீடு, அதன்பிறகு அவளை எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் சாப்பிடுகிறவளாக ஆக்கிவிடுகிறது. பிள்ளை ஓடித் திரியும் வயதிலும் அவள் பால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்குத் தேவையான கூடுதல் வேளைச் சாப்பாடு நாற்பதாம் நாளோடு முடிவதற்கு எந்த நியாயமும் கிடையாது. மாமியாரும் கணவனும் முதல் மாதத்தில் காட்டிய கவனத்தில் பாதியைப் பத்தாம் மாதத்திலும் காட்டினால் போதும். முழுச் சைவக் குடும்பமாக இருந்தால் பாலும் தயிரும், தேவைப்பட்டால் பி12 மாத்திரையும் அவளுக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பு என்பதையும் வீட்டில் பேசி முடிவுசெய்துவிடலாம்.

ஒரு வயதுக்கு மேல் தாய்ப்பால் வெறும் தண்ணீர் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம், சில நேரம் படித்தவர்கள் வாயிலிருந்தும். இரண்டாம் ஆண்டில் நாளைக்கு 450 மில்லிலிட்டர் அளவுக்குத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தன் சக்தித் தேவையில் 29 விழுக்காடும், புரதத்தில் 43 விழுக்காடும், வைட்டமின் ஏ-யில் 75 விழுக்காடும், பி12-இல் 94 விழுக்காடும் அதிலிருந்தே கிடைக்கும் என்று சத்துணவு ஆய்வாளர் கேத்ரின் டூயி கணக்கிட்டிருக்கிறார். பட்டியலில் இரும்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். தாய்ப்பாலும் தட்டும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள் அல்ல, ஒன்று விட்டதை மற்றொன்று தருகிறது. இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: நெடுநாள் தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் குட்டையாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரு நாட்டின் லிமா நகரப் புறத்தில் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1997-இல் வெளியான ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. அங்கே தாய்மார்கள் நோஞ்சான் பிள்ளைக்குத்தான் பாலை நிறுத்த மனமில்லாமல் நீட்டித்திருந்தார்கள். பிள்ளை மெலிந்ததால் பால் நீண்டது, பால் நீண்டதால் பிள்ளை மெலியவில்லை. ஆனாலும் இந்தப் பக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. நாள் முழுக்க நினைத்தபோதெல்லாம் பால் குடிக்கும் பத்து மாதப் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் குறையும். பகலில் உணவை முதலில் ஊட்டிவிட்டுப் பிறகு பால் கொடுப்பது, மற்ற பாலை இரவுக்கும் தூக்கத்துக்கும் வைத்துக்கொள்வது என்று முறை மாற்றினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியானால் ஒரு வயதுக்கு மேல் என்று அச்சிட்டு விற்கும் பால்மாவுக்கு என்ன குறை, அதில் இரும்பும் டிஎச்ஏ-யும் சேர்த்திருக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதில் இரும்பு உண்டு என்பது உண்மை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால் கிடைக்கவில்லையென்றால் ஒரு வயது வரை பால்மாவு தேவைப்படலாம், அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இந்தத் தனிவகைப் பால்மாவைப் பரிந்துரைக்கவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 வழிகாட்டியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. சாதாரணப் பசும்பாலே போதும். தனிவகைப் பால்மாவின் பெரிய கெடுதல் டின்னுக்கு வெளியே இருக்கிறது. புட்டியில் நான்கைந்து முறை இனிப்பான பால் குடித்த பிள்ளை ஈரலையும் கீரையையும் தொடாது. மெல்லவும், கடிக்கவும், புதிய ருசிகளை ஏற்கவும் பழக வேண்டிய மாதங்கள் புட்டியோடு போய்விடும். குடும்பத்தின் சாப்பாட்டுக் காசில் பெரும்பங்கை டின் விழுங்கும்போது, பால் கொடுக்கும் தாய்க்கு மீன் வாங்கவும் பெரிய பிள்ளைக்கு முட்டை வாங்கவும் மிச்சம் இருக்காது. முட்டை ஒன்று அரை வெள்ளியைச் சுற்றித்தான் விற்கிறது. மாதம் இரண்டு டின் வாங்கும் வீடு அந்தக் காசைப் பாசாரில் செலவழித்தால் வீட்டிலுள்ள எல்லாருடைய தட்டும் மாறும். மலேசிய நெறிமுறை 2008-இல் திருத்தப்பட்டது, ஆனால் அது இன்னும் நெறிமுறைதான், மீறினால் நீதிமன்றம் ஏற்றும் சட்டம் இல்லை. விளம்பரத்தில் பட்டமளிப்புத் தொப்பி போட்ட பிள்ளையைக் காட்டி அறிவை விற்பதைத் தடுக்க அது போதாது. தாய்ப்பால் பக்கம் நிற்பவர்களும் இதில் அடக்கமாகப் பேச வேண்டும். பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1982-இல் பிறந்தவர்களை முப்பது ஆண்டு தொடர்ந்த ஆய்வில், ஓராண்டு தாய்ப்பால் குடித்தவர்களின் அறிவுத்திறன் எண் ஒரு மாதத்துக்குள் நிறுத்தியவர்களைவிட ஏறத்தாழ 4 புள்ளி கூடுதலாக இருந்தது. நல்ல பலன்தான், ஆனால் மேதையாக்கும் அமுதம் என்று விற்கிற அளவுக்குப் பெரிதல்ல.

ஜொகூர்ப் பெண்கள் இதையெல்லாம் படித்துவிட்டுக் கேட்கப்போகும் கேள்வி வேறு: எந்த நேரத்தில்? தோட்டத்து வாழ்க்கையில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டிலேயே பெரட்டுக்குப் போன தலைமுறை லாபிஸிலும் குளுவாங்கிலும் கூலாயிலும் இருந்தது. அந்தக் கொட்டகையை யாரும் பொற்காலமாக்க வேண்டாம், தோட்டங்களில் செத்த குழந்தைகளின் தொகை சிறிதன்று. ஆனாலும் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு இடமும் ஆளும் வைப்பது முதலாளியின் கடமை என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. தோட்டம் போய்த் தாமான் வந்தபோது அந்தக் கடமையை யாரும் கையோடு எடுத்துவரவில்லை. இன்று மாசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் விடியுமுன் கிளம்பிப் பாலத்தைக் கடக்கும் கூட்டத்தில் எத்தனையோ இளம் தாய்மார்கள். தினமும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் எல்லை அது, நெரிசலில் ஒரு நடைக்கே இரண்டு மூன்று மணி நேரம் போவதுண்டு. மலேசியச் சட்டம் 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது. சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கு அந்த 98 நாள்கூட இல்லை. பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெறாததாக இருந்தால் 12 வாரம், அதில் சம்பளத்தோடு சட்டம் உறுதி செய்வது 8 வாரம்தான். எந்தக் கணக்கில் பார்த்தாலும், திட உணவு தொடங்கும் நாளில் தாய் வேலைக்குத் திரும்பி ஏறத்தாழ மூன்று மாதமாவது ஆகியிருக்கும். கிண்ணம் இருப்பது பிள்ளை பார்க்கும் அக்காவின் கையிலோ பாட்டியின் கையிலோதான். ஆகவே கெட்டிக் கஞ்சிப் பாடத்தைத் தாய்க்கு மட்டும் நடத்துவதில் பயனில்லை. ஊட்டுகிறவர் யாரோ அவருக்கும் நடத்த வேண்டும்.

பாலுக்கும் வழி உண்டு, ஆனால் அதற்கு நேரமும் இடமும் வேண்டும். மார்பிலிருந்து பால் எவ்வளவு அடிக்கடி வெளியேறுகிறதோ அவ்வளவு ஊறும். பன்னிரண்டு மணி நேரம் தேங்கினால் சில வாரத்தில் வற்றத் தொடங்கும். வேலையிடத்தில் இரண்டு முறை பீய்ச்சிப் பனிக்கட்டிப் பையோடு பெட்டியில் வைத்தால் பால் ஒரு நாள் வரை கெடாது. வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் நான்கு மணி நேரம்தான். இரவில் மார்பில் குடித்தால் ஊற்று நிற்காது. ஆனால் மலேசியத் தனியார் நிறுவனங்களில் பால் பீய்ச்சுவதற்குச் சட்டப்படி இடைவேளை கிடையாது. பெண் கழிப்பறையில் நின்றுகொண்டு பீய்ச்சுகிறாள், இல்லையென்றால் நிறுத்திவிடுகிறாள். பிலிப்பீன்ஸ் 2010-லேயே எட்டு மணி வேலைக்கு 40 நிமிடம் பால் இடைவேளையைச் சட்டமாக்கியது. இந்தியச் சட்டம் 1961-ஆம் ஆண்டிலிருந்தே பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை நாளைக்கு இரண்டு இடைவேளை தருகிறது. ஏட்டில் இருப்பதெல்லாம் அங்கே நடப்பில் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் கேட்பதற்கு ஓர் உரிமை இருக்கிறது. உற்பத்தி குறையும் என்று முதலாளிகள் சொல்லலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் எடுக்கும் விடுப்பும், பயிற்சி பெற்ற ஊழியர் வேலையை விட்டுப்போவதும் அவர்களுடைய கணக்கில் ஏன் வருவதில்லை? புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓடும்போது கடக்கும் நேரம் நிமிடங்களாகும் என்கிறார்கள். கோடிக்கணக்கில் கட்டும் அந்த நிலையத்தில் கதவுள்ள, மின்இணைப்புள்ள, கை கழுவும் தொட்டியுள்ள ஓர் அறை கேட்பது பேராசை ஆகாது.

இதெல்லாம் பெண்ணின் தலையில் இன்னொரு சுமை, கொடுக்க முடியாதவளுக்குக் குற்றவுணர்ச்சி என்ற மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 'நல்ல தாய் என்றால்' என்று தொடங்கும் பேச்சு பெண்களுக்குச் செய்திருக்கும் தீங்கு கொஞ்சமன்று. ஆனால் இந்த வாதத்தின் திசையைக் கவனியுங்கள். ஆறு மாதம் வரை பிள்ளையின் உணவு தாயின் உடம்பில் மட்டுமே இருக்கிறது, அதற்குமேல் அப்படி இல்லை. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்ச அப்பாவுக்கும் தெரியும், ஈரல் வாங்கத் தாத்தாவுக்கும் தெரியும். ஏழாம் மாதத்தைப் பற்றிப் பேசுவது சுமையைப் பங்கிடும் பேச்சு. மூன்றாம் மாதத்திலேயே பால் நின்றுபோன தாயின் பிள்ளையும் இந்தக் கிண்ணத்தால் நன்றாக வளரும்.

அரசு செய்ய வேண்டியது புதிய திட்டம்கூட இல்லை. மலேசியப் பிள்ளைகள் தட்டம்மைத் தடுப்பூசிக்காக ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு வந்தே தீர்கிறார்கள். நீளத்தையும் எடையையும் குறிக்கும் அதே புத்தகத்தில் அன்றைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, இரத்தசோகை உண்டா என்பதையும் எழுதலாம். இரத்தசோகை 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ள இடங்களில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு மூன்று மாதம் இரும்புச் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லி உலகச் சுகாதார நிறுவனம் 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது. ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்குச் சோகை என்று சொல்லும் நாடு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. வீட்டில் கொடுப்பதற்குமுன் மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும், ஏனென்றால் இரும்பு மிஞ்சினாலும் கேடு, தாலசீமியா உள்ள பிள்ளைக்கு வைத்தியமே வேறு. இதற்கு முன்மாதிரியும் உண்டு: தமிழ்நாடு 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளையே இலக்காக வைத்தது. மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தி, தாய்க்கு ஏன் எதற்கு என்று விளக்கியது. கடும் சத்துக்குறை அங்கே கண்கூடாகக் குறைந்தது. ஜொகூரில் தாமான்தோறும் இருக்கும் கிளினிக்குகளுக்கும் பதிவுபெற்ற பிள்ளைக் காப்பகங்களுக்கும் அதைவிட வசதி அதிகம். காப்பகங்களின் மதியச் சாப்பாட்டுப் பட்டியலில் வாரம் எத்தனை நாள் மீன், முட்டை, ஈரல் என்பதைப் பெற்றோர் இந்த வாரமே கேட்கலாம்.